கொரியன் தெரியும்... இலோகானோ? ரெண்டு மொழிகளும் எங்கே, எப்படிப் பேசப்படுகின்றன?

பாகியோ என்று ஒரு ஊர். பிலிப்பைன்ஸின் வடக்கே, லூசோன் தீவின் மலைமேல் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் வெயிலுக்குப் பயந்து ஊட்டியை உருவாக்கிய மாதிரி, 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் உருவாக்கிய கோடைவாசஸ்தலம். இந்த ஊர்ச் சந்தைக்குள் போனால் காதில் அதிகம் விழுவது இலோகானோ மொழி. வெளியே வந்தால் கொரிய உணவகங்களும் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகளும் கண்ணில் படும். ஆங்கிலம் கற்றுக்கொள்ள தென் கொரியாவிலிருந்து மாணவர்கள் பல வருஷமாக இங்கே வருகிறார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவைவிடச் செலவு குறைவு, ஊரும் குளுகுளுன்னு இருக்கும்.

அங்கே ஒரு கொரிய மாணவர் ஸ்ட்ராபெர்ரி வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் பேசுவார். இலோகானோ கற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் அந்தக் கடைக்காரரின் மகன் கொரியாவில் ஃபேக்டரி வேலைக்குப் போகணும்னா? தென் கொரியா 2004-ல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் போக, கொரிய மொழித் தேர்வில் பாஸ் ஆகியே தீர வேண்டும்.

இந்தப் பாதை ஏன் ஒருவழிப் பாதையாக இருக்கிறது? கொரிய மொழி இலோகானோவைவிட 'வளமானது' என்பதாலா? இல்லை. ரெண்டு மொழிகளையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் காரணம் வேறு எங்கேயோ இருப்பது தெரியும்.

எங்கே, எத்தனை பேர்?

கொரிய மொழி பேசுபவர்கள் சுமார் 8 கோடி பேர். தென் கொரியாவில் 5 கோடிக்கு மேல், வட கொரியாவில் இரண்டரைக் கோடிக்கு மேல். இந்த இரண்டு நாடுகளிலும் அதுதான் ஆட்சிமொழி. சீனாவின் ஜீலின் மாகாணத்தில் யான்பியன் என்ற கொரியத் தன்னாட்சிப் பகுதி இருக்கிறது, அங்கேயும் சீனத்தோடு சேர்த்துக் கொரியனுக்கு அலுவல் அந்தஸ்து உண்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெரிய கொரியச் சமூகங்கள் இருக்கின்றன.

கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தானில்கூட கொரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பிப் போனவர்கள் இல்லை. சோவியத் ஒன்றியத்தின் கிழக்குக் கோடியில் வாழ்ந்த சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் கொரியர்களை 1937-ல் ஸ்டாலின் அரசு ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. அவர்கள் பேசிய வட்டார வழக்கு இன்று பெரும்பாலும் முதியவர்களிடம்தான் மிஞ்சியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் ரஷ்ய மொழிக்கு மாறிவிட்டார்கள்.

இலோகானோ சுமார் 80 லட்சம் பேருக்குத் தாய்மொழி. 'அவ்வளவுதானா?' என்று நினைக்காதீங்க. டென்மார்க்கின் டேனிஷ் மொழி பேசுபவர்கள் 60 லட்சம் பேர்தான். பிலிப்பைன்ஸில் தகலாக், செபுவானோவுக்குப் பிறகு வரும் பெரிய மொழிகளில் ஒன்று இலோகானோ.

அதன் சொந்த மண் லூசோனின் வடமேற்குக் கரை: இலோகோஸ் நோர்தே, இலோகோஸ் சூர், லா யூனியன் மாகாணங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவே ஒடுங்கிய நிலம். ஜனத்தொகை பெருகப் பெருக விவசாயம் பண்ண இடம் போதவில்லை. அதனால் இலோகானோக்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். கிழக்கே ககயான் பள்ளத்தாக்கு, தெற்கே பங்காசினான், தார்லாக், இன்னும் தள்ளி மிண்டனாவ் தீவு வரைக்கும். போன இடமெல்லாம் மொழியும் கூடவே போனது. இன்று வட லூசோனில் வேறு வேறு தாய்மொழிக்காரர்கள் சந்தித்தால் பொதுவாகப் பேசிக்கொள்வது இலோகானோவில்தான்.

கடல் தாண்டியும் போனார்கள். இந்த ரெண்டு மொழிகளும் பாகியோவுக்கு ரொம்ப முன்னாலேயே ஒரு இடத்தில் சந்தித்தன: ஹவாய் தீவின் கரும்புத் தோட்டங்கள். 1903 ஜனவரியில் முதல் கொரியத் தொழிலாளர்கள் கப்பலில் ஹொனலுலுவில் வந்து இறங்கினார்கள். 1906 டிசம்பரில் முதல் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள், வெறும் 15 ஆண்கள், வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு தோட்ட முதலாளிகள் இலோகோஸ் பகுதியிலேயே போய் ஆள் பிடித்தார்கள். இன்று ஹவாயில் இருக்கும் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினரில் பெரும்பான்மையினர் இலோகானோ வேர் உள்ளவர்கள். தேர்தல் நேரத்தில் அந்த மாநில அரசு இலோகானோவிலும் வாக்காளர் தகவல்களைத் தருகிறது.

'சாப்டாச்சா?'

நாம் ஒருத்தரைப் பார்த்ததும் 'சாப்டீங்களா?' என்று கேட்கிறோம். உண்மையில் சாப்பிட்டாரா என்பதல்ல விஷயம், அது ஒரு வணக்கம். கொரியர்களும் அப்படியே: 'பப் மொகொஸ்ஸொயோ?' பப் என்றால் சோறு. இலோகானோவில் 'நஙன்கான்?'

மூணும் அரிசி தின்னும் சமூகங்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ரைஸ் ஒன்றுதான். நமக்கு நெல், அரிசி, சோறு. கொரியனில் ப்யொ, ஸ்ஸால், பப். இலோகானோவில் பகாய், பகாஸ், இன்னாபுய். வயலில் நிற்பது, கடையில் வாங்குவது, தட்டில் விழுவது என்று மூன்றுக்கும் தனித்தனிச் சொல்.

ஆனால் வாக்கியம் கட்டும் விதத்தில் ரெண்டும் எதிரெதிர் துருவங்கள். 'நான் சோறு சாப்பிட்டேன்' என்பதைக் கொரியனில் சொல்லணும்னா தமிழ் வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளலாம்: 'நானுன் பபுல் மொகொஸ்ஸொயோ.' வினை கடைசியில். 'சோற்றை' என்பதில் 'ஐ' ஒட்டுவது போல, பப் என்ற சொல்லின் பின்னால் 'உல்' ஒட்டுகிறது. சென்னையில் கொரியன் படிக்கிறவர்கள் இலக்கணம் சுலபமாகப் பிடிபடுகிறது என்று சொல்ல இதுதான் காரணம்.

இலோகானோவில் வினைதான் முதலில் வரும்: 'நஙனாக் இதி இன்னாபுய்.' அதாவது 'சாப்பிட்டேன் நான் சோறு'. 'நஙன்' என்பது சாப்பிட்டது, 'ஆக்' என்பது நான். இதே 'நஙனாக்', தகலாக் மொழியில் 'குழந்தை பெற்றாள்' என்று அர்த்தம் தரும். 'நான் சாப்பிட்டேன்' என்று ஒரு இலோகானோ சொல்வது மணிலாக்காரர் காதில் எப்படி விழும் என்று யோசிச்சுப் பாருங்க.

இலோகானோ வினைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பேச்சின் மையம் யார் என்பதைப் பொறுத்து வினையே உருமாறும். சாப்பிட்டவரைப் பற்றிப் பேசினால் 'நஙன்', சாப்பிடப்பட்ட பொருளைப் பற்றிப் பேசினால் 'கின்னான்'. முன்னால், பின்னால், நடுவில் என்று வேர்ச்சொல்லின் எந்த இடத்திலும் ஒட்டு நுழையும். பன்மை வேண்டுமானால் சொல்லின் தலையை இரட்டிப்பார்கள்: கல்திங் என்றால் ஒரு ஆடு, கல்கல்திங் என்றால் ஆடுகள்.

மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது?

கொரியனில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. நண்பனிடம் 'பப் மொகொஸ்ஸொ?' அதிகம் பழகாதவரிடம் கடைசியில் 'யோ' சேர்க்கணும். தாத்தா, பாட்டியிடம் கேட்கும்போது சோறு என்ற சொல்லே மாறிவிடும், சாப்பிடு என்ற சொல்லும் மாறிவிடும்: 'ஜின்ஜி துஸ்யொஸ்ஸொயோ?' பெரியவரை 'நீ', 'நீங்க' என்று எதுவுமே சொல்லாமல், பதவியின் பின்னால் 'நிம்' போட்டுக் கூப்பிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 'புஜாங்நிம்' பழகிய சொல்லாக இருக்கும். துறைத் தலைவர் என்று பொருள். முதல் சந்திப்பிலேயே கொரியர்கள் உங்க வயசைக் கேட்பது வம்புக்கு இல்லை. எந்த வாலை ஒட்டுவது என்று முடிவு பண்ணத்தான்.

இலோகானோ இந்த விஷயத்தில் நமக்குத்தான் கிட்ட. 'நஙன்கான்?' என்றால் 'சாப்டாச்சா நீ?' பெரியவரிடம் பன்மைக்கு மாறினால் போதும்: 'நஙன்கயோன்?' நம்ம 'நீ', 'நீங்க' கணக்குதான். கூடவே 'அப்போ' என்ற சொல் உண்டு, ஐயா, அம்மா ரெண்டுக்கும் அது பொது. மூத்த ஆண் 'மனோங்', மூத்த பெண் 'மனாங்', இளையவர் 'அதிங்'. கூடப் பிறந்தவராக இருக்கணும்னு அவசியமில்லை. நாம் பஸ் கண்டக்டரை 'அண்ணா' என்று கூப்பிடுகிற மாதிரி.

நாம், நாங்கள் என்ற வித்தியாசமும் இலோகானோவில் பளிச்சென்று இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'தயோ', சேர்க்காவிட்டால் 'கமி'. நீயும் நானும் மட்டும் என்றால் அதற்குத் தனியாக 'தா'. கொரியனில் இதற்கெல்லாம் பெரும்பாலும் 'உரி' ஒன்றே போதும்.

'ங' எங்கே போச்சு?

ஒன்றாம் வகுப்பில் 'ங'வுக்கு ஒரு சொல் சொல்லு என்றதும் முழித்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். இலோகானோக்காரர்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. வாய்க்கு அவர்கள் சொல்வது 'ஙிவாத்'. அடைமொழியையும் பெயரையும் இணைக்கும் சொல்லே 'ங'தான்: 'நயிம்பக் ங அல்தாவ்' என்றால் நல்ல நாள், அதாவது வணக்கம்.

கொரியனில் 'ங்' ஒலி அசையின் முடிவில் மட்டும் வரும். அதற்கான எழுத்து ஒரு வட்டம். மன்னர் செஜோங் பெயரின் கடைசியில் அந்த வட்டம் 'ங்' என்று ஒலிக்கும். 'அப்பா' என்று எழுதும்போது அதே வட்டம் முன்னால் நிற்கும், ஆனால் சத்தமே போடாது.

இன்னொரு ஒலி நம்மிடமும் உண்டு. 'காது' என்று சொல்லும்போது கடைசி 'து'வில் உதடு குவிவதில்லை. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்ததுதான். கொரியர்கள் தங்கள் எழுத்தின் பெயரான ஹங்குலைச் சொல்லும்போது அந்த 'கு'வில் வருவது இதே உயிர். தெற்கு இலோகானோ வழக்கிலும் அது இருக்கிறது. 'ஆமாம்' என்பதை வடக்கே 'வென்' என்பார்கள். தெற்கே அந்த 'எ' உதடு குவியாத உகரமாகிவிடும். ஒருத்தர் எந்தப் பக்கத்துக்காரர் என்று இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

சரி, அம்மா, அப்பா கொரியனில் 'ஒம்மா', 'அப்பா' என்று இருக்கே, நமக்கும் அவங்களுக்கும் சொந்தமா? வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் கேள்வி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். கொரியனில் 'புல்' என்றால் புல்தான், 'நல்' என்றால் நாள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை. உறவுள்ள மொழிகளில் ஒலிகள் ஒழுங்கான ஒரு விதிப்படி மாறியிருக்க வேண்டும், நாலைந்து சொற்கள் ஒத்துப்போனால் போதாது. இலோகானோவில் 'அமா' என்றால் அப்பா என்பதையும் இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

ரெண்டு வகை ஒன்று, ரெண்டு, மூணு

இரண்டு மொழிகளிலுமே எண்கள் இரட்டையாக இருக்கின்றன. கொரியனில் சொந்த எண்கள் ஹானா, துல், செத். சீனத்திலிருந்து வந்தவை இல், இ, சாம். மணி சொல்லும்போது மணிக்குச் சொந்த எண், நிமிஷத்துக்குச் சீன எண். இலோகானோவில் சொந்த எண்கள் மய்சா, துவா, தல்லோ. ஆனால் மணி கேட்டால் ஸ்பானிஷ்: மூன்றரை என்பது 'அலாஸ் த்ரெஸ் இ மெத்யா'. முந்நூறு வருஷத்துக்கு மேல் ஸ்பெயின் ஆண்டதன் தடம். நாம் 'பத்தரை மணிக்கு டென் தர்ட்டி கால் இருக்கு' என்று சொல்கிறோமே, அதே கதை.

எழுத்தும் அரசும்

கொரியர்கள் பல நூற்றாண்டுகள் சீன எழுத்தில்தான் எழுதினார்கள். சாமானியர்களால் அதைக் கற்க முடியவில்லை என்று மன்னர் செஜோங் 1443-ல் புது எழுத்தை உருவாக்கி 1446-ல் வெளியிட்டார். அரண்மனை அறிஞர்களே எதிர்த்தார்கள். அரசு ஆவணங்களில் அதற்கு முறையான இடம் கிடைத்தது 1894-ல். நடுவில் 450 வருஷத்துக்குக் கிட்ட 'பெண்களும் படிக்காதவர்களும் எழுதுவது' என்ற ஏளனம்தான்.

அடுத்து 1910-ல் ஜப்பானிய ஆட்சி வந்தது. 1930-களின் கடைசியில் பள்ளிகளில் கொரியன் ஒதுக்கப்பட்டது. பெயர்களையே ஜப்பானிய முறைக்கு மாற்றச் சொன்னார்கள். 1942-ல் கொரிய அகராதி தொகுத்துக்கொண்டிருந்த மொழிச் சங்கத்தினர் கைதானார்கள். ஆக, இன்று உலகம் கற்றுக்கொள்ளும் இந்த மொழி, 85 வருஷத்துக்கு முன் சொந்த வகுப்பறையிலேயே இடம் இல்லாத மொழி. 1945-க்குப் பிறகு நாடு இரண்டாகப் பிரிந்தாலும் ரெண்டு அரசுகளும் ஹங்குலைக் கையில் எடுத்தன. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆராய்ச்சிப் படிப்பு வரை கொரியனிலேயே படிக்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. தொழில், சினிமா, இசை எல்லாம் அதன் மேல் கட்டியவை. நம் 2020 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலைப் பள்ளியில் கற்கக்கூடிய வெளிநாட்டு மொழிகளில் ஒன்றாகக் கொரியனைக் குறிப்பிட்டதும் அந்த வரிசையில்தான்.

இலோகானோவுக்கும் பழைய எழுத்து இருந்தது. தமிழ் எழுத்தைப் போலவே பிராமி வழி வந்தது. ஆனால் அதில் புள்ளி கிடையாது. 'க' எழுதலாம், 'க்' எழுத முடியாது. பகாஸ் என்ற சொல்லை 'பகா' என்று எழுதிவிட்டு, படிப்பவரே ஊகித்துக்கொள்ளணும். 1621-ல் அச்சான ஒரு இலோகானோ கிறிஸ்தவப் போதனை நூலில் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியார் எழுத்துக்கு அடியில் கூட்டல் குறி போட்டு இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தார். நம்ம புள்ளி செய்யும் அதே வேலை. ஆனால் காலப்போக்கில் ரோமன் எழுத்தே நிலைத்துவிட்டது.

எழுத்து மாறினாலும் எழுதுவது நிற்கவில்லை. 1934-லிருந்து 'பன்னவாக்' என்ற இதழ் வருகிறது. விடியல் என்று பொருள். நம்ம வார இதழ்கள் மாதிரி சிறுகதை, தொடர்கதை, கவிதை என்று ஒரு தலைமுறை எழுத்தாளர்களையே உருவாக்கிய இதழ். ஹவாய் பல்கலைக்கழகத்தில் 1970-களிலிருந்து இலோகானோ கற்பிக்கப்படுகிறது.

இல்லாதது அரசுதான். பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்பின்படி தேசிய மொழி, தகலாக்கை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோ. அதுவும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். இலோகானோ போன்றவை அந்தந்தப் பகுதியில் 'துணை' ஆட்சிமொழிகள். எல்பிடியோ கிரினோ, ஃபெர்டினாண்ட் மார்கோஸ் என்று இலோகோஸ் மண்ணிலிருந்து அதிபர்களே வந்தார்கள். ஆனாலும் மொழியின் இடம் மாறவில்லை. 2012-ல் லா யூனியன் மாகாணம் மட்டும் சொந்தமாக ஒரு அவசரம் காட்டியது: இலோகானோவை மாகாண ஆட்சிமொழியாக அறிவித்தது.

அதே 2012-ல் பள்ளிகளிலும் ஒரு கதவு திறந்தது. மழலையர் வகுப்பிலிருந்து 3-ஆம் வகுப்பு வரை தாய்மொழியில் பாடம். முதலில் சேர்க்கப்பட்ட 12 மொழிகளில் இலோகானோவும் ஒன்று. வீட்டில் பேசும் மொழியிலேயே கணக்கு படித்தார்கள் லாவாக் நகரத்துக் குழந்தைகள். ஆனால் புத்தகங்கள் பற்றவில்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் குறைவு, ஒரே வகுப்பில் மூன்று தாய்மொழிக் குழந்தைகள் உட்கார்ந்தால் என்ன செய்வது என்ற குழப்பம் வேறு. 2024 அக்டோபரில் வந்த 12027-ஆம் எண் சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. பயிற்றுமொழி மறுபடியும் பிலிப்பினோவும் ஆங்கிலமும். அதிபர் கையெழுத்துப் போடாமலே, கால அவகாசம் முடிந்ததால் தானாகச் சட்டமானது அது. அந்த அதிபர், இலோகோஸிலிருந்து வந்த மார்கோஸின் மகன்.

சிக்கல் என்று சொல்வதா, ஏற்பாடு என்று சொல்வதா தெரியவில்லை, சட்டத்தில் ஒரு ஜன்னல் விட்டிருக்கிறார்கள். வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே தாய்மொழி என்றால், விருப்பப்பட்டால் அதில் கற்பிக்கலாம். இலோகோஸ் நோர்தே கிராமங்களில் அது சாத்தியம். பல மொழிக்காரர்கள் கலந்து வாழும் பாகியோவில் கஷ்டம்.

பெரியவர் யார், சின்னவர் யார்?

இதைப் படித்துவிட்டு இலோகானோ பாவம், கொரியன் பலசாலி என்று முடிவு கட்டிவிடாதீங்க. ககயான் பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் செல்வாக்காக இருந்த மொழி இபனாக். இலோகானோ குடியேற்றத்துக்குப் பிறகு அது பின்னுக்குப் போனது. அங்கே காடுகளில் வாழ்ந்த ஆக்தா மக்களின் சின்னச் சின்ன மொழிகளிலிருந்தும் குழந்தைகள் இலோகானோவுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மணிலாவில் இலோகானோ எங்கே நிற்கிறதோ, ககயானில் இபனாக் அங்கே நிற்கிறது.

கொரியாவுக்குள்ளும் அப்படித்தான். தெற்கே ஜெஜு தீவில் பேசப்படுவது, சியோல்வாசிக்குச் சுலபத்தில் புரியாத பேச்சு. தனி மொழி என்றே பல அறிஞர்கள் சொல்கிறார்கள். சியோல் வழக்கே 'நல்ல கொரியன்' என்று பள்ளிகளும் டிவியும் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தன. 2010-ல் யுனெஸ்கோ ஜெஜு மொழியை, அழிவின் விளிம்பில் இருக்கும் மொழிகளின் பட்டியலில் சேர்த்தது. இன்று அதைச் சரளமாகப் பேசுபவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் 'சாப்டாச்சா?' என்று கேட்பது சியோல் கொரியனில்.